மறுமுனை எங்கே?

ஆடிப்பெருக்கு வந்துவிட்டால் சிவகாசியில் காலண்டர் சீசன் தொடங்கிவிடும். அடுத்த வருஷத்துக்கான ஆல்பங்களை அன்றைக்குத்தான் வெளியிடுவார்கள். அதிலிருந்து மார்கழி வரை டிசைன் போடுகிறவர்களுக்குத் தூக்கம் குறைவு. பட்டாசு லேபிள், கிஃப்ட் பாக்ஸ், விலைப்பட்டியல் என்று தீபாவளி வேலையும் அதே நேரத்தில் வந்து சேரும். இதில் எவ்வளவோ வேலை இன்று வீட்டு மாடியில் இரண்டு மானிட்டர் வைத்த ஒரு மேஜையில் நடக்கிறது. கீழே பிரஸ், மேலே வீடு.

திருத்தங்கல் பக்கம் அப்படி ஒரு புது வீடு. அறைக்கு அறை சுவரில் பளிச்சென்று வெள்ளை பிளேட். டி.வி.க்கு ஒரு துளை, நெட்டுக்கு ஒரு துளை. மாடி அறையில் கேபிளைச் செருகினால் கம்ப்யூட்டர் அசைந்து கொடுக்கவில்லை. கீழே ஹாலில் ரூட்டர் இருக்கிறது. பக்கத்துச் சுவரில் ஒரு ஜாக்கும் இருக்கிறது. இரண்டையும் இணைத்துப் பார்த்தாகிவிட்டது, மாடிக்கு ஒன்றும் ஏறவில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், “எல்லா ரூமுக்கும் ஒயர் இழுத்தாச்சு அண்ணாச்சி” என்கிறார். அவர் சொன்னது உண்மைதான்.

மாடிப்படிக்கு அடியில், இன்வெர்ட்டருக்கு மேலே ஒரு பெட்டி. மூடியைக் கழற்றினால் ஏழெட்டுச் சாம்பல் நிறக் கேபிள்கள் சுருட்டி, இன்சுலேஷன் டேப் ஒட்டிக் கிடக்கின்றன. எல்லா அறைகளின் மறுமுனையும் அங்கே பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. எது எந்த அறையுடையது என்று ஓர் எழுத்துகூட இல்லை. ஹால் கேபிளும் மாடி அறைக் கேபிளும் அரை அடி தூரத்தில் கிடந்தும் ஒன்றையொன்று தொடவே இல்லை.

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், இராஜபாளையம் என்று எங்கே புது வீடு எழும்பினாலும் இன்று சுவரில் நெட் ஜாக் வைக்கிறார்கள். வைத்ததில் பல வேலை செய்வதில்லை. பெரும்பாலும் பழுது சிறியது. ஒரு நாளில் சரிசெய்யக் கூடியது. ஆனால் ஜாக் வேலை செய்யாத வீட்டில் ஒரு மாதம் பார்த்துவிட்டு, ‘ஒயர் எல்லாம் பழைய காலம், வைஃபையே போதும்’ என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். சுவருக்குள் போட்ட காசு சுவருக்குள்ளேயே கிடக்கிறது. இது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

போன் ஒயர் பழக்கம்

விருதுநகர் பஜாரை ஒட்டிய பழைய வீடுகளில் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. எண்ணெய், பருப்பு, வத்தல் வியாபாரத்துக்குப் போன் உயிர். ஒரே லைனைக் கடையில் ஒன்று, உள்ளே ஒன்று, மாடியில் ஒன்று என்று பேரலலாக இழுத்துக்கொள்வார்கள். எந்த இடத்தில் வெட்டி எத்தனை கிளை பிரித்தாலும் போன் அடிக்கும். கரண்ட்டும் அப்படித்தான்: ஒரு பாயின்ட்டிலிருந்து அடுத்த பாயின்ட்டுக்கு லூப் அடித்துக்கொண்டே போகலாம். தலைமுறை தலைமுறையாக நம் எலக்ட்ரீஷியன்களின் கை பழகியது இந்த இரண்டு வேலைக்கும்தான்.

இன்றைய நெட்வொர்க் கேபிள் அதற்கு ஒத்துவராது. ஒரு கேபிளுக்கு இரண்டே முனை. ஒவ்வொரு முனையிலும் ஒரே ஒரு கருவி. நடுவில் வெட்டி இன்னொரு அறைக்குக் கிளை கொடுத்தால் இரண்டு அறைக்கும் ஒழுங்காக வராது. ஆகவே ஒவ்வொரு ஜாக்கிலிருந்தும் தனித்தனிக் கேபிள் புறப்பட்டு ஒரே இடத்துக்கு வர வேண்டும். அந்த இடத்தில் நெட்வொர்க் சுவிட்ச் என்ற சின்னப் பெட்டி இருக்க வேண்டும். எந்தக் கருவி எந்தத் துளையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு தகவலை அந்தத் துளைக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. ரூட்டரும் அதில் சேர வேண்டும். இவ்வளவு நடந்தால்தான் சுவரில் இருக்கும் துளைக்கு உயிர் வரும்.

திருத்தங்கல் வீட்டில் இல்லாமல் போனது அந்தப் பெட்டி ஒன்றுதான். எட்டுத் துளை உள்ளது இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். வாங்கும்போது அட்டையில் 10/100/1000 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 10/100 என்று இருந்தால் விலை குறைவாக இருக்கும், வேகம் பத்தில் ஒரு பங்குதான். ஃபைபர் கம்பெனி கொடுக்கும் ரூட்டரையும் சோதிக்க வேண்டும். சிலவற்றில் நாலு துளையில் ஒன்று மட்டும்தான் 1000 வேகத்துக்கான ஜிகாபிட் துளை, அதிலிருந்துதான் சுவிட்சுக்குக் கேபிள் போக வேண்டும்.

மறுமுனைகள் எங்கே இருக்கின்றன என்றே தெரியாத வீடுகளும் உண்டு. மீட்டர் பெட்டிக்குப் பின்னால், லாஃப்ட்டின் மூலையில், ஹாலின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, டி.வி. யூனிட்டின் பலகைக்குப் பின்னால் என்று தேட வேண்டியிருக்கும். இதற்கென்று டோன் டெஸ்டர் என்ற கருவி இருக்கிறது. ஜாக்கில் ஒரு பகுதியைச் செருகினால் அது கேபிளில் ஓர் ஒலியை அனுப்பும். இன்னொரு பகுதியைச் சுவரோரம் கொண்டுபோனால் கேபிள் இருக்கும் இடத்தில் கீச்சிடும். கேமரா மாட்டுகிறவர்களிடம் கேட்டால் கிடைக்கும். கண்டுபிடித்த கையோடு ஒவ்வொரு முனையிலும் அறையின் பெயரை எழுதி ஒட்டிவிட வேண்டும்.

எட்டு லைட்டும் எரியும், நெட் வராது

சுவிட்ச் வைத்தாகிவிட்டது, எல்லாம் செருகியாகிவிட்டது. கீழ் அறை இரண்டில் வருகிறது. மாடியின் கடைசி அறையில் வந்து வந்து போகிறது. ஜாக்கின் பிளேட்டைக் கழற்றிப் பார்ப்போம்.

கேபிளுக்குள் எட்டுக் கம்பி, நாலு ஜோடி. ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. ஒவ்வொன்றுக்கும் அதே நிறக் கோடு போட்ட ஒரு வெள்ளைத் துணை. ஜோடி ஜோடியாக முறுக்கி வைத்திருப்பார்கள். 1881இல் கிரகாம் பெல் போன் லைனுக்காகக் காப்புரிமை வாங்கிய யோசனை அது. இரண்டு கம்பியும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே போவதால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டின் மீதும் சமமாக விழும். மறுமுனையில் ஒன்றை ஒன்று கழித்துவிடும். இந்த முறுக்குதான் கேபிளின் பலம். கம்பிகளை ஜாக்கில் அழுத்திப் பதிக்கும்போது, அதாவது பஞ்ச் செய்யும்போது, அரை இஞ்சுக்கு மேல் அதைப் பிரிக்கக் கூடாது. நாம் கழற்றிய ஜாக்கில் வேலைக்கு வசதியாக இரண்டு இஞ்சு பிரித்து விட்டிருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய பிழை நிற வரிசையில். டி568பி என்ற முறைப்படி வரிசை இப்படி: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடியை மட்டும் பிரித்து, நடுவில் நீல ஜோடியைப் புகுத்தியிருக்கிறது பாருங்கள், அதில்தான் விஷயம். மூன்றாவது, ஆறாவது கம்பிகள் ஒரே ஜோடியாக இருந்தாக வேண்டும். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று அடுக்கிவிடுகிறவர்கள் நம்மூரில் நிறைய. ‘ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் போதும் தம்பி’ என்று தொழில் கற்றுக்கொடுத்தவர் சொல்லியிருப்பார். அப்படி அடுக்கினால் மூன்றாவது கம்பி பச்சை ஜோடியிலிருந்தும் ஆறாவது நீல ஜோடியிலிருந்தும் வரும். முறுக்கு இருந்தும் பயன் இல்லை.

மலிவான கேபிள் டெஸ்டரில் போட்டால் எட்டு லைட்டும் வரிசையாக எரியும். ஏனென்றால் அந்த மலிவு டெஸ்டர் கம்பி அறுந்திருக்கிறதா, மாறியிருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். ஜோடி சரியா என்று சொல்லாது. பத்தடி கேபிளில் நெட்டும் வந்துவிடும். எண்பது நூறு அடி போனால் தடுமாறும். ‘டெஸ்டர்ல ஓகே காட்டுதே’ என்று சொல்லிவிட்டுப் போகிற வேலை பாதி இப்படித்தான் நிற்கிறது. டி568ஏ என்று இன்னொரு வரிசையும் உண்டு; அதில் ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறும். எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் வீடு முழுக்க ஒன்றே இருக்கட்டும். ஜாக்கின் பக்கவாட்டில் இரண்டு வரிசையும் நிறத்தோடு அச்சாகியிருக்கும், அதைப் பார்த்தே செய்யலாம்.

எட்டில் ஒரு கம்பி சரியாகப் பதியவில்லை என்றால் என்ன ஆகும்? 100 எம்.பி.பி.எஸ். வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். 1999இல் வந்த ஜிகாபிட் முறைக்கு நாலு ஜோடியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ பழுது இருந்தால் பெரும்பாலும் நெட் நின்றுவிடாது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். வீட்டில் படம் பார்க்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. காலண்டர் டிசைனருக்குத் தெரியும். 2 ஜி.பி. ஃபைலை மாடியிலிருந்து கீழே அச்சுப் பிளேட் போடும் கம்ப்யூட்டருக்கு அனுப்ப ஜிகாபிட்டில் இருபது விநாடி. 100இல் கிட்டத்தட்ட மூன்று நிமிஷம். ஒரு நாளைக்கு நாற்பது திருத்தம் போகிற சீசனில் அது இரண்டு மணி நேரம்.

செம்பா, அலுமினியமா?

பஜாரில் 305 மீட்டர் பெட்டியாக வரும் கேபிளைத் தூக்கிப் பார்த்தாலே சில சமயம் தெரிந்துவிடும். ஒரே அளவு என்று எழுதிய இரண்டு பெட்டியில் ஒன்று மட்டும் லேசாக இருக்கும். அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு முலாம் பூசியது அது. சி.சி.ஏ. என்பார்கள். அலுமினியத்தின் மின் கடத்தல் செம்பின் அளவில் அறுபது சதவீதம்தான். நாலு தடவை வளைத்தால் ஒடியும். பஞ்ச் செய்த இடத்தில் நாளடைவில் பிடி தளரும். கேமராவுக்கும் வைஃபை பெட்டிக்கும் கேபிள் வழியாகவே கரண்ட் கொடுக்கிற முறையில் சூடாகும். கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் சுவருக்குள் போடாதீர்கள். சுவருக்குள் போவது இருபது வருஷத்துக்கு இருக்க வேண்டியது. மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அதுவல்ல.

வீட்டுக்கு கேட் 6 வகைக் கேபிள் போதும், கேட் 5இ கூட ஜிகாபிட் தாங்கும். தூரம் மொத்தம் நூறு மீட்டர். சுவருக்குள் 90, இரண்டு பக்கத்துச் சின்ன கேபிள்களுக்கு 10. வீட்டுக்குள் இந்த வரம்பு யாருக்கும் இடிக்காது. வீட்டிலிருந்து பிரஸ்ஸுக்கும் குடோனுக்கும் இழுக்கும்போதுதான் இடிக்கும்.

இடி விழுகிற ஊர்

வீட்டைவிட்டு வெளியே கேபிள் இழுப்பதில் தூரத்தைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. சித்திரை, வைகாசிக் கோடை மழையானாலும் ஐப்பசி அடை மழையானாலும் இந்தக் கரிசல் பூமியில் இடி மின்னலோடுதான் வரும். இடியின் பயம் இந்த வட்டாரத்துக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பட்டாசு ஆலைகளில் இடிதாங்கி கட்டாயம்.

வீட்டுக்கும் எதிரே இருக்கும் குடோனுக்கும் நடுவில் வெட்டவெளியில் செம்புக் கேபிள் தொங்கவிட்டால், பக்கத்தில் எங்கோ இடி விழுந்தாலும் இரண்டு கட்டடத்தின் எர்த்துக்கும் இடையே மின்னழுத்தம் வித்தியாசப்படும். அந்த வித்தியாசத்தால் கரண்ட் கேபிள் வழியாகப் பாயும். ரூட்டர், சுவிட்ச், கேமரா ரெக்கார்டர் என்று வரிசையாகப் போகும். கட்டடம் விட்டுக் கட்டடம் போவதென்றால் ஃபைபர்தான் சரி. கண்ணாடி இழையில் கரண்ட் பாயாது. இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் வைத்து உள்ளே செம்புக்கு மாற்றிக்கொள்ளலாம். உலோகக் கம்பி இல்லாத ஃபைபர் என்று கேட்டு வாங்க வேண்டும். தெருவில் தொங்கும் டிராப் கேபிளில் தாங்கலுக்கு இரும்புக் கம்பி இருக்கும், அது இடிக்கு வழி காட்டிவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இங்கே சொல்லும் யோசனைகள் எல்லாம் வீட்டோடும், பிரஸ்ஸோடும், பட்டாசு ஆலையின் அலுவலக அறையோடும் நின்றுவிட வேண்டும். பட்டாசு மருந்து அறைகளின் பக்கம் எந்தக் கேபிளும் எந்தப் பெட்டியும் சொந்த யோசனையில் போகக் கூடாது. அங்கே எது வரலாம், எது கூடாது என்பதை 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளும் உரிமம் தரும் மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவும்தான் தீர்மானிக்கும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களை ஒரே நாளில் பறிகொடுத்த மண் இது. குடும்பம் குடும்பமாக இந்தத் தொழிலில் இருக்கிற ஊரில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதில் தப்பில்லை.

பிரஸ் உள்ள கட்டடத்தில் த்ரீ பேஸ் லைனும் பெரிய மோட்டார்களும் இருக்கும். நெட்வொர்க் கேபிளைக் கரண்ட் பைப்புக்குள்ளேயே போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. இது பாதுகாப்புக்கும் கேடு, வேகத்துக்கும் கேடு. தனிப் பைப், தனிப் பெட்டி. கரண்ட் லைனைத் தாண்ட வேண்டிய இடத்தில் குறுக்காகத் தாண்ட வேண்டும், கூடவே ஓடக் கூடாது.

வைஃபை இருக்கும்போது எதற்கு?

நியாயமான கேள்வி. வெளிநாட்டில் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும் வைத்துக் கட்டிய வீட்டில் ஒரு ரூட்டர் போதும். நம் வீடு செங்கல், சிமென்ட், கம்பி போட்ட கான்கிரீட் தளம். விருதுநகரின் பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய கனத்த சுவர். வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் இரண்டு சுவரைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மடிக்கணினியோடு ஊர் திரும்பிய பிள்ளைகள், மீட்டிங் நேரத்தில் மொட்டை மாடிக்கும் வாசல் திண்ணைக்கும் அலைந்ததை நாம் பார்த்தோம். இப்போது தெரு வரை ஃபைபர் வந்துவிட்டது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைக்கும் பாரத்நெட் திட்டம் தான்ஃபிநெட் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. வாசல் வரை வந்த வேகம் வீட்டுக்குள்தான் செத்துப்போகிறது.

ஒயர் வைஃபைக்குப் போட்டியும் இல்லை. மாடிக்கு ஒரு ஆக்சஸ் பாயின்ட் வைத்து, அதற்குச் சுவர் ஜாக்கிலிருந்து கேபிள் கொடுத்தால், போனுக்கும் டேப்லெட்டுக்கும் அந்தத் தளத்திலேயே நல்ல வைஃபை கிடைக்கும். இதில் ஒரு பொறி இருக்கிறது. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரூட்டரை மாடியில் வைக்கும்போது, அதன் ‘வான்’ துளையில் கேபிளைச் செருகிவிடுவார்கள். நெட் வரும். ஆனால் அந்த ரூட்டர் மாடிக்கென்று தனி நெட்வொர்க் போட்டுக்கொள்ளும். கீழ் அறையிலிருந்து பார்த்தால் மாடியிலிருக்கும் கம்ப்யூட்டரோ பிரின்டரோ கண்ணிலேயே படாது. பழைய ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்ற வேண்டும். அந்த வசதி இல்லாவிட்டால், முதல் ரூட்டரோடு மோதாத முகவரியை அதற்குக் கொடுத்து, கருவிகளுக்கு முகவரி வழங்கும் அதன் டி.எச்.சி.பி.யை நிறுத்திவிட்டு, சாதாரண ‘லேன்’ துளையில் செருக வேண்டும். அறைக்கும் அறைக்கும் பேச்சு வார்த்தை இல்லாமல் போவதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

இன்னொரு விபரீதமும் நடக்கும். ஒரு முனை சுவிட்சில் இருக்கும் கேபிளின் மறுமுனை துடைக்கும்போது கழன்று, அதைத் தெரியாமல் அதே சுவிட்சின் இன்னொரு துளையில் செருகிவிட்டால், தகவல் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பெருகி வீடு முழுக்க நெட் நின்றுபோகும். லைட்டுகள் எல்லாம் வெறி பிடித்ததுபோல் ஒரே நேரத்தில் மின்னினால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்துகிற ஊர் நம்முடையது. ரூட்டரை இன்வெர்ட்டர் லைனில் கொடுத்திருப்பார்கள், சுவிட்சைக் கொடுக்க மறந்திருப்பார்கள். ரூட்டர் எரியும், அறைகளில் நெட் இருக்காது. இரண்டும் ஒரே இன்வெர்ட்டர் பாயின்ட்டில் இருக்க வேண்டும்.

பூச்சுக்கு முன்னால்

வீடு கட்டுகிறவர்கள் கொத்தனார் பூச்சு வேலை தொடங்குவதற்கு முந்தின வாரம் இதை முடித்துவிட வேண்டும். ஒரு இஞ்ச் பைப் போட்டால் மூன்று நாலு கேபிள் தாராளமாகப் போகும். முக்கால் இஞ்சில் திணறும். கூர்மையான எல்போ போடாமல் பெரிய வளைவாகப் போட வேண்டும். பைப்புக்குள் ஒரு கயிறு விட்டு வைத்தால் பிற்காலத்தில் ஃபைபர் இழுக்க உதவும். காடி மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வையுங்கள், ஆணி அடிக்கும்போது தெரியும் அதன் அருமை.

கட்டி முடித்த வீட்டுக்குச் சுவரை உடைக்க வேண்டாம். கேசிங் பட்டி ஒட்டி அதற்குள் விடலாம். பழைய போன் ஒயர் ஓடும் பைப் இருந்தால், அந்த ஒயரின் முனையில் புதுக் கேபிளைக் கட்டி மறுபக்கம் இழுத்தால் பல நேரம் வந்துவிடும். சுண்ணாம்புச் சுவரில் காடி வெட்டாதீர்கள். உத்தரத்தை ஒட்டி மேலேயே கொண்டுபோகலாம்.

விதிகள் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் தகவல் தொடர்பு அமைப்புகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கட்டடங்களுக்கு டிஜிட்டல் இணைப்பு வசதியைப் பார்த்து நட்சத்திர மதிப்பீடு கொடுக்க 2024இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதிமுறை கொண்டுவந்தது. ஆனால் இவை அடுக்குமாடிகளையும் பெரிய வளாகங்களையும் நினைத்துப் பேசுகின்றன. சாத்தூரில் ஒரு கிரவுண்டில் கட்டும் வீட்டுக்கு இதெல்லாம் வந்து சேர நாளாகும். அதற்குள் நடக்கக் கூடியது, ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் மாணவர்களுக்கு இந்த வேலையைக் கையில் கொடுத்துக் கற்றுத் தருவது. பஞ்ச் டூல், கிரிம்பர், டெஸ்டர் எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம்தான்.

சிவகாசிக்குக் கற்றுக்கொள்வது புதிதல்ல. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, அச்சுத் தொழில் வந்தது. கல் அச்சிலிருந்து ஆஃப்செட்டுக்கும், ஃபிலிமிலிருந்து கம்ப்யூட்டரே நேராகப் பிளேட் போடும் முறைக்கும் மாறியபோது இங்கே இருந்தவர்களே கற்றுக்கொண்டு மாறினார்கள். நிறப் பிரிப்பில் ஒரு மயிரிழை விலகினாலும் பிடித்துவிடுகிற கண்கள் இவர்களுடையவை. எட்டுக் கம்பியின் வரிசை அவர்களுக்கு ஒரு காலைப் பொழுதின் பாடம்.

எலக்ட்ரீஷியனுக்குக் கடைசிப் பாக்கியைக் கொடுக்கும் நாளில் ஒரு லேப்டாப்பும் நல்ல கேபிளும் எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போங்கள். ஒவ்வொரு ஜாக்கிலும் செருகி, நெட்வொர்க் செட்டிங்ஸில் இணைப்பின் வேகம் 1 ஜி.பி.பி.எஸ். காட்டுகிறதா என்று பாருங்கள். 100 என்று காட்டினால் அந்த ஜாக்கையும் மறுமுனையையும் அவர் எதிரிலேயே பிரித்து, வரிசையைச் சரிபார்த்துத் திரும்பப் பஞ்ச் செய்யச் சொல்லுங்கள். பிறகு எந்த எண் கேபிள் எந்த அறைக்குப் போகிறது என்று ஒரு தாளில் எழுதி, அந்தப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிட்டுக் கணக்கை முடியுங்கள்.